பர்மிங்காமில் படித்தார், மலையில் கற்றார்: லாரி பேக்கர்

ஐ.வி. முடிச்சுட்டு அப்படியே கொடைக்கானல் போயிட்டு வர்றது நம்ம பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்களில் ஒரு சம்பிரதாயம் மாதிரி ஆகிப்போச்சு. வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பிச்சதும் எல்லாரும் பள்ளத்தாக்கு தெரியுற பக்கம் ஜன்னலைப் பிடிப்போம். அடுத்த தடவை போகும்போது, கூடவே ஏறுற லாரிகளையும் கொஞ்சம் கவனிங்க. சிமெண்ட் மூட்டை, கம்பி, எம்-சாண்ட், செங்கல், ஓடு, கண்ணாடி. சுமார் 2100 மீட்டர் உயரத்துல ஒரு காட்டேஜ் கட்டணும்னா இன்னிக்கு இத்தனையும் கீழே இருந்து மூச்சிரைக்க ஏறி வரணும்.

மேலே போனா அந்த காட்டேஜ்களைப் பார்க்கலாம். கான்கிரீட் ஸ்லாப்பைச் சரிவா போட்டு, அதுக்கு மேல மங்களூர் ஓட்டை அழகுக்காக ஒட்டியிருப்பாங்க. சுவருக்கு மண் நிற பெயிண்ட். விளம்பரத்துல வட்டாரப் பாரம்பரிய வீடுன்னு எழுதியிருக்கும். சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கிற நண்பர்களுக்கு அந்தச் சொல் பழக்கம்தான்: வெர்னாகுலர் ஆர்க்கிடெக்சர், தமிழில் வட்டாரக் கட்டடக்கலை.

அந்த ஓடு ஒட்டின காட்டேஜை வெர்னாகுலர்னு சொல்லலாமா? பதில் தெரியணும்னா, நம்மில் பலர் பிறந்த சமயத்துல, 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, திருவனந்தபுரத்தில் 90 வயதில் இறந்துபோன ஒரு மனிதரோட வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும். பெயர் லாரி பேக்கர். கேரளாவுல ஆட்டோக்காரரும் அறிந்த ஆர்க்கிடெக்ட். செங்கல் ஜாலி வீடுன்னு சொன்னாலே கூகுளில் முதலில் வர்ற பெயர். ஆனா செங்கல் அவர் கதையோட பிற்பகுதி. முற்பகுதி நடந்தது மலையில்.

பர்மிங்காமில் இருந்து சீனா வரை

லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர் 1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். அதே ஊரில் கட்டடக்கலை படித்து 1937ல் பட்டம் வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 20. ஆர்க்கிடெக்டாக வேலையைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

பேக்கர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குவேக்கர்கள் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். அதனால் போர்முனைக்குத் துப்பாக்கியோடு போகாமல், குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார். மயக்க மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றார். அந்தப் படை அவரை சீனாவுக்கு அனுப்பியது. அங்கே போரில் காயம்பட்டவர்களைப் பார்த்ததைவிட, யாரும் கிட்டப் போகப் பயந்த தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலம்தான் அதிகம். வீடு வடிவமைக்கப் படித்தவர், வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்களோடு சில ஆண்டுகள் வாழ்ந்தார். பிற்காலத்தில் அவர் யாருக்காகக் கட்டினார் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

துணிச் செருப்பும் 5 மைலும்

உடல்நிலை கெட்டு இங்கிலாந்து திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சுமார் 3 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே அவர் தங்கியது காந்தியோடு பழக்கம் இருந்த ஒரு குவேக்கர் நண்பர் வீட்டில். அப்படித்தான் காந்தியைச் சந்தித்தார். பேச்சு ஆரம்பித்தது கட்டடக்கலையில் இல்லை, காலில். சீனாவில் இருந்தபோது பழந்துணியில் தைத்த செருப்பை பேக்கர் போட்டிருந்தார். கழிவுத் துணியில் செய்த அந்தச் செருப்பு காந்தியின் கண்ணில் பட்டது. பிறகு பேச்சு வீடுகளின் பக்கம் திரும்பியது.

அந்தச் சந்திப்புகளில் இருந்து பேக்கர் ஆயுள் முழுக்க நினைவில் வைத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. கிராமத்து ஏழையின் வீட்டை, அந்த இடத்தைச் சுற்றி 5 மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருளை வைத்தே கட்ட முடிய வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். ஒரு காலேஜ் கேம்பஸில் நின்று சுற்றிலும் 8 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. அந்த வட்டத்துக்குள்ள உங்க ஹாஸ்டல் கட்டடத்தின் எந்தப் பொருள் இருக்கு?

இது அப்போ பேக்கருக்கு முழுசா புரிந்ததா என்றால், இல்லை. புரிய இன்னும் ஒரு மலை ஏற வேண்டியிருந்தது.

பித்தோராகட்: சிலபஸ் முடிந்த இடம்

1945ல் பேக்கர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தொழுநோயாளிகளுக்காக உழைத்த ஒரு மிஷனின் ஆர்க்கிடெக்ட் வேலை. அந்தச் சமயத்தில்தான் தொழுநோய்க்கு நல்ல மருந்துகள் வர ஆரம்பித்திருந்தன. நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளை, குணமாக்கி அனுப்பும் மருத்துவமனைகளாக மாற்றுவது அவர் பொறுப்பு.

வந்தவர் மிஷனரி பங்களாக்களில் தங்க விரும்பவில்லை. வடக்கே ஃபைசாபாத்தில் சாண்டி என்ற கேரள மருத்துவர் வீட்டில் தங்கினார். அங்கேதான் சாண்டியின் சகோதரி, மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பைச் சந்தித்தார். இரண்டு குடும்பத்துக்கும் தயக்கம் இருந்தது. காத்திருந்து 1948ல் திருமணம் செய்துகொண்டார்கள்.

தேனிலவுக்கு அவர்கள் போனது இமயமலை அடுக்குகளில் இருக்கும் பித்தோராகட். இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. வந்திருப்பவர் டாக்டர் அம்மா என்று செய்தி பரவியதும் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து நோயாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் வேறு மருத்துவர் இல்லை. சில வாரம் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள் சுமார் 16 ஆண்டுகள் தங்கிவிட்டார்கள். எலிசபெத் வைத்தியம் பார்த்தார். பேக்கர் உதவியாளராக நின்றார். நேரம் கிடைத்தபோது வீடு, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று கட்டினார்.

இங்கேதான் அவர் படித்த படிப்பு கை கொடுக்கவில்லை. பர்மிங்காம் பாடத்தில் கரையான் கிடையாது. நான்கு மாதம் இடைவிடாமல் அடிக்கும் பருவமழை கிடையாது. சாணி மெழுகிய தரை, மண் கலவை, பலகைக்கல் கூரை எதுவுமே கிடையாது. அவர் கொண்டு வந்த கையேடுகள் சொன்ன பொருள்கள் அந்த மலையில் கிடைக்கவில்லை. ஆனால் சுற்றிலும் வீடுகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக மழையையும் குளிரையும் தாங்கி நின்றன. பட்டம் வாங்காத ஆட்கள் கட்டியவை.

பேக்கர் அந்த வீடுகளைப் படிக்க ஆரம்பித்தார். ஏன் சுவர் இவ்வளவு தடிமன், ஏன் ஜன்னல் இவ்வளவு சின்னது, கூரை ஏன் சுவரைத் தாண்டி இவ்வளவு வெளியே நீளுது, வீடு ஏன் சரிவில் ஒரே மட்டத்தில் நீளமா உட்காருது என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ஊர்க் கொத்தனாரிடம் ஒரு காரணம் இருந்தது. நாம லேபில் ட்ரையல் அண்ட் எரர் என்று ஒரு செமஸ்டர் செய்கிறோம். ஒரு மலைக் கிராமம் அதை நூற்றுக்கணக்கான வருஷம் செய்திருக்கிறது. தப்பான டிசைன் மழையில் விழுந்துவிடும். சரியானது நிற்கும், அடுத்தவர் அதைப் பார்த்துக் கட்டுவார். வட்டாரக் கட்டடக்கலை என்பது அப்படி மிஞ்சி நின்ற பதில்களின் தொகுப்பு என்பதை பேக்கர் பித்தோராகட்டில் கண்டுகொண்டார். காந்தியின் 5 மைல் அவருக்கு அப்போதான் வேலைக்கான விதியாக மாறியது.

வாகமண் வழியாகத் திருவனந்தபுரம்

1963ல் அவர்கள் தெற்கே வந்தார்கள். அடுத்த இடமும் மலைதான். கேரளாவின் வாகமண். அங்கேயும் எலிசபெத்தின் மருத்துவம், பேக்கரின் கட்டுமானம். வரைபடத்தை எடுத்துப் பாருங்க. வாகமண்ணுக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. அதே மேற்குத் தொடர்ச்சி மலை. பழனி மலை அதன் கிழக்குக் கிளை.

1960களின் முடிவில் குடும்பம் திருவனந்தபுரத்துக்கு வந்தது. அப்போ பேக்கருக்கு 50 வயசு தாண்டியிருந்தது. நாம கேள்விப்பட்ட பேக்கர் இங்கேதான் ஆரம்பிக்கிறார். முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் இருவரும் அவரை நம்பினார்கள். 1970களின் தொடக்கத்தில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. உள்ளூர் என்பது அந்த இடத்தின் பெயரே.

அங்கே அவர் பயன்படுத்திய மூன்று உத்திகளைத் தெரிந்துகொண்டால் அவர் யோசிக்கும் விதம் பிடிபடும்.

முதல் உத்தி எலிப்பொறிக் கட்டு. ராட்-டிராப் பாண்ட் என்று புத்தகத்தில் படித்திருப்பீங்க. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டும்போது 9 அங்குலச் சுவருக்குள்ளேயே ஒரு காலி இடம் விழும். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், கலவையும் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பம் கடந்து வருவதைக் குறைக்கும். இது இங்கிலாந்தின் பழைய முறை. தேவைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும்தான் பேக்கர் பார்த்தார். எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

அடுத்தது ஃபில்லர் ஸ்லாப். ஸ்லாப்பின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்கு அந்தப் பலம் இல்லை என்பது நமக்கு ஆர்.சி.சி. பேப்பரில் வந்த விஷயம். அப்படியானால் கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பக்கம் அவ்வளவு கான்கிரீட் எதற்கு? அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். எடையும் செலவும் குறைந்தன.

மூன்றாவது ஜாலி. செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டும் சுவர். சட்டமும் கண்ணாடியும் போட்ட ஜன்னலை விட மலிவு. காற்று வரும், வெளிச்சம் வடிகட்டி வரும், வெளியில் இருந்து பார்வை வராது. கொதிக்கிற, புழுங்குகிற திருவனந்தபுரத்துக்கு அச்சு அசல் பொருத்தம்.

1970களில் பூந்துறை மீனவர் குடியிருப்பில் வீடுகளை ராணுவ வரிசையாக நிறுத்தாமல் முன்னும் பின்னுமாக விலக்கிப் போட்டார். கடல்காற்று எல்லா வீட்டுக்கும் கிடைத்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் வலை காயப்போடவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் கிடைத்தது. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தன் சொந்த வீட்டைக் கட்டியபோது சரிவை வெட்டிச் சமப்படுத்தவில்லை. வீடு பாறையோடு ஏறி இறங்கியது.

அவருக்குப் பெரிய ஆபீஸ் கிடையாது. ஒரு பக்கம் எழுதிய தாளின் பின்பக்கத்தில் படம் வரைவார். தினமும் சைட்டுக்குப் போவார், கொத்தனாரோடு நின்று முடிவு எடுப்பார். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், ஓட்டை மறுபடி பயன்படுத்துவார். 1985ல் அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் போன பிறகும் அந்தக் கட்டும் முறை தொடர அதுதான் வழி செய்தது. 1989ல் இந்தியக் குடியுரிமை, 1990ல் பத்மஸ்ரீ.

நம்ம மலைக்கு வருவோம்

இப்போ அந்த காட்டேஜ் கேள்விக்குத் திரும்பலாம். பேக்கரைப் படித்த ஒரு மாணவர் கொடைக்கானலில் வீடு கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆசை என்னவாக இருக்கும்? செங்கல் ஜாலி போட்ட வீடு. பேக்கரையே அங்கே கொண்டு போய் வைத்த மாதிரி இருக்கும்.

ஆனால் யோசிச்சுப் பாருங்க. கொடைக்கானலில் ஆண்டு மழை சுமார் 1600 மி.மீ. பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே நடந்து வரும். ஜனவரி இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. அந்த ஊரில் ஜாலிச் சுவர் என்றால் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்த கதைதான். செங்கல்லோ கீழே இருந்து மலைப்பாதையில் டீசல் எரித்து வரணும். பேக்கரின் வீட்டைக் காப்பியடித்தால் பேக்கர் சொன்னதைத் தவறவிட்டோம் என்று அர்த்தம். பித்தோராகட்டில் அவர் கல்லில் கட்டினார், திருவனந்தபுரத்தில் செங்கல்லில் கட்டினார். இரண்டு இடத்திலும் கட்டடம் வேறு, கேட்ட கேள்விகள் ஒன்று: இங்கே என்ன கிடைக்கும், இங்கே வானிலை என்ன செய்யும், இதைக் கட்டவும் பழுது பார்க்கவும் யாருக்குத் தெரியும்?

பழனி மலையில் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

இந்த மலையில் மிகப் பழைய கட்டுமானங்கள் என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பவை தாண்டிக்குடி பக்கத்தில் இருக்கும் கல்திட்டைகள். வாழ்ந்தவர்களுக்கான வீடுகள் இல்லை, இறந்தவர்களுக்கானவை. மலையிலேயே கிடைக்கும் கல்லைப் பலகையாக எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். காட்டில் வாழ்ந்த பளியர்கள் பாறை ஒதுங்கல்களிலும் கொம்பும் புல்லும் வைத்த குடிசைகளிலும் இருந்தார்கள். பூம்பாறை மாதிரி ஊர்களில் வீடுகள் ஒன்றோடு ஒன்று தோள் உரசிக்கொண்டு ஒரே சரிவில் நெருங்கி நிற்கும். அதைச் சுற்றிப் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும். நெருங்கி நிற்பதில் ஒரு கணக்கு இருக்கு. விவசாய நிலம் மிச்சமாகும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் குளிர்காற்றில் படாது, அதனால் வீட்டுச் சூடு வெளியே போகாது.

1845ல் மதுரையில் இருந்து அமெரிக்க மிஷனரிகள் ஏறி வந்து கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், கட்டியது வெளிநாட்டு பாணி. ஆனாலும் சுவருக்குப் பெரும்பாலும் உள்ளூர்க் கல்லும் மண்ணும்தான் கிடைத்தது. காரணம் ரொம்ப எளிது: ரோடு கிடையாது. 1910களின் நடுவில் வத்தலக்குண்டுப் பக்கம் இருந்து மோட்டார் சாலை முடியும் வரை, எதுவாக இருந்தாலும் ஆள் தலையிலோ மாட்டு முதுகிலோ மட்டக்குதிரையிலோதான் ஏறணும். காந்தி சொன்ன 5 மைல் விதியை அந்தக் காலத்தில் மலையே போட்டு வைத்திருந்தது. ரோடு வந்ததும் விதி போய்விட்டது. எது கிடைக்கும் என்ற கேள்விக்கு எல்லாமே கிடைக்கும் என்று பதில் வந்துவிட்டது.

எல்லாம் கிடைப்பதற்கு ஒரு விலை இருக்கு. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். எரிபொருளிலிருந்து வருவது ஒரு பக்கம், கல்லில் இருந்தே கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுவது இன்னொரு பக்கம். உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்ஸைடில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. மலையில் இன்னொரு விலையும் உண்டு. சமதளத்துக்கு வரைந்த பிளானைச் சரிவில் உட்கார வைக்க, ஜே.சி.பி. கொண்டு மலையை வெட்டிப் படி செய்கிறோம். வெட்டிய மண் அடுத்த கனமழைக்காகக் காத்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரமும் மண்ணும் சரிந்து கிடந்ததை நினைச்சுப் பாருங்க.

பழைய வீடு ஏன் திரும்பி வராது

அப்போ எல்லாரும் புல் கூரைக்கும் மண் சுவருக்கும் திரும்பிப் போயிடலாமா? இங்கேதான் நேர்மையா பேசணும்.

முதலில், அந்தப் புல்லே இல்லை. பழனி மலையின் உச்சிப் புல்வெளிகளில் வாட்டில், பைன், தைல மரங்களை நட்டு, விவசாயமும் பரவியதில், 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருப்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வட்டார வீடு அதன் நிலத்தோடு சேர்ந்து வாழ்வது. நிலம் மாறினால் வீட்டின் பொருளும் மாறியாகணும்.

அடுத்தது, ஏழை வீட்டுக்காரர் கேட்பது கான்கிரீட்டைத்தான். அதுக்கு அறியாமை காரணம் இல்லை. புல் கூரையைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும். தீப்பிடிக்கும். மண் சுவரை மழைக்குப் பிறகு பூசணும், தரையை மெழுகணும். பெரும்பாலும் இதைச் செய்தது அந்த வீட்டுப் பெண்கள், கூலி இல்லாமல். பழைய வீடு சூழலுக்கு நல்லது என்று நாம் எழுதும்போது அந்த உழைப்பு கணக்கில் வருவதில்லை. கூடவே, ஊரில் மரியாதை கான்கிரீட் வீட்டுக்குத்தான். வாழ்நாள் முழுக்கக் குடிசையில் இருந்தவரிடம் மண் வீட்டின் அருமையைப் பற்றி மெத்தை வீட்டுக்காரர் பேசினால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார்?

இதே சிக்கல் எகிப்தில் வந்தது. பேக்கர் இந்தியாவுக்கு வந்த அதே 1940களில், ஹசன் ஃபாத்தி என்ற ஆர்க்கிடெக்ட் லக்சார் பக்கத்தில் மண் செங்கல்லில் ஒரு புதிய கிராமமே கட்டினார். நூபியக் கொத்தனார்களிடம் கற்ற வளைவுக் கூரைகள், அருமையான முற்றங்கள். உலகமே பாராட்டியது. ஆனால் குடியேற வேண்டிய மக்களில் பெரும்பாலானோர் வரவில்லை. அவர்கள் பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. இடம் மாற்றும் முடிவும் அவர்களுடையதாக இல்லை. வீடு சரியாக இருந்தும் கிராமம் நிரம்பவில்லை.

பேக்கருக்கும் இந்த வருத்தம் இருந்தது. ஏழைக்காக அவர் யோசித்த பூச்சில்லாத செங்கல் சுவர், நாளடைவில் படித்த நடுத்தர வர்க்கத்தின் ஸ்டைல் ஆனது. ஆனாலும் அவர் பழமைவாதி இல்லை என்பதைக் கவனிங்க. எலிப்பொறிக் கட்டில் சிமெண்ட் கலவை உண்டு. ஃபில்லர் ஸ்லாப் கான்கிரீட்தான். சிமெண்டே கூடாது என்று அவர் நிற்கவில்லை. அது இல்லாமல் முடியாத இடத்தில் போடு, மற்ற இடத்தில் பழக்கத்துக்காகப் போடாதே என்பதுதான் அவர் வழி. வீட்டுக்காரர் எப்படிச் சமைப்பார், எங்கே துணி காயப்போடுவார், வருமானம் என்ன என்று கேட்ட பிறகே வரைவார்.

நீங்க கையெழுத்துப் போடும்போது

பழனி மலைக்குப் பேக்கரின் ஜாலி தேவையில்லை, அவர் கேள்விகள் தேவை. இன்றைய நிலத்தை வைத்து அந்தக் கேள்விகளைக் கேட்டால் என்ன பதில் வரும்?

கல் இருக்கு, அதைப் பேஸ்மட்டத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் வைக்கலாம். வெயில் படும் பக்கம் தடித்த கல் சுவர் இருந்தால் பகல் சூட்டை வாங்கி வைத்து ராத்திரி திருப்பித் தரும். அஸ்திவாரம் தோண்டும் மண் எப்படியும் சைட்டில்தான் கிடக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வைத்துப் பாருங்க. மணல் முதலில் அடியில் படியும், அதன் மேல் வண்டல், கடைசியாகக் களிமண். அந்த அடுக்குகளின் விகிதம் சரியாக வந்தால், 5 சதவீதம் அளவுக்கு சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கல் செய்யலாம். ஆரோவில்லில் இருக்கும் மண் கட்டுமான நிறுவனம் 1989ல் இருந்து இதைக் கற்றுக்கொடுக்கிறது. நம்ம மாநிலத்திலேயே இருக்கு. புல்வெளியை விழுங்கிய வாட்டிலையும் தைல மரத்தையும் வனத்துறை அகற்றும் இடங்களில், அந்த மரத்தைப் பதப்படுத்திக் கூரைச் சட்டத்துக்கு எடுக்க முடியுமா என்பது ஒரு நல்ல ஃபைனல் இயர் பிராஜெக்ட். எலிப்பொறிக் கட்டின் செங்கல் மேலே ஏறாவிட்டாலும், சுவருக்குள் காற்றை அடைத்துச் சூட்டைக் காக்கும் யோசனை ஏறலாம். பூம்பாறையிடம் இருந்து நெருக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்: தனித்தனி காட்டேஜுக்குப் பதில் சுவர் பகிர்ந்த வீடுகள்.

இதில் எதுவும் பார்க்கப் பழைய வீடு மாதிரி இருக்காது. பரவாயில்லை. ஓடு ஒட்டிய காட்டேஜ் பார்க்கப் பழைய வீடு மாதிரி இருக்கு, ஆனா அந்த மலையிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டியது. அதை வெர்னாகுலர்னு சொல்ல முடியாது.

பேக்கர் கடைசி வரை படம் போட்ட சின்னச் சின்னக் கையேடுகள் எழுதிக்கொண்டே இருந்தார். செலவைக் குறைப்பது எப்படி, மண்ணில் கட்டுவது எப்படி என்று யாரும் படித்துக் கட்டக்கூடிய மாதிரி. தன் டிசைனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்.

இன்னும் சில வருஷத்தில் நம்மில் யாரோ ஒருவர் மேஜைக்கு, பழனி மலையில் ஒரு சரிவுக்கான பிளானும் எஸ்டிமேட்டும் வரும். கீழே கையெழுத்துப் போடும் இடம் காலியா இருக்கும். போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ஊருக்குப் போங்க. மழை நாளில் போங்க. அங்கே நிற்கிற மிகப் பழைய வீட்டைத் தேடிப் பிடிச்சு, அதில் குடியிருக்கிற பாட்டிகிட்ட எந்தச் சுவர் ஒழுகும், எது ஒழுகாதுன்னு கேட்டுட்டு வாங்க.